கண்மருந்துப் போத்தலில் பெற்றோல்

இஞ்சேருங்கோ,

கண்மருந்துப் போத்தலை எப்படிப் பிடிப்பது என்று அந்த நர்ஸ் பிள்ளை எனக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும். மெல்ல அமத்த வேண்டும். ஒரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. இந்த வேலையில் நான் எப்போதோ தேர்ந்தவள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் யாருடைய கண்ணில் விட்டேன் என்று கேட்கும். கண்ணில் இல்லை, மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் என்று சொன்னால், என் மூளையையும் ஒருக்காப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்துவிடும். பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நாளுக்கு நாலு தரம் மருந்து விட வேண்டும். தேர்ந்தவள் என்று சொன்னேன் அல்லவா, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் சரிவரவில்லை. போத்தலைக் கண்ணுக்கு மேலே கொண்டுபோனதும் இமை மூடிக்கொள்கிறது. இமையைப் பிடித்தால் கை நடுங்குகிறது. மருந்து கன்னத்தில் ஓடுகிறது, காதுக்குள் போகிறது, ஒருநாள் மூக்குத்தியில் போய் நின்றது. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். சிரித்துவிட்டு மருந்தையும் விட்டிருப்பீர்கள்.

உங்கள் மகள் ஒக்லாந்தின் அடுத்த பக்கத்துப் பிளாட் புஷ்ஷிலிருந்து காலையும் மாலையும் ஓடி வந்தாள். வேலை மனுகாவில், அம்மா ஒனிஹங்காவில், நடுவில் பெருந்தெரு முழுக்கக் கார். மத்தியானச் சொட்டுகளுக்குப் பக்கத்து வீட்டு மதுரைப் பெண் வந்தாள். "நான் போட்டு விடறேன்க்கா, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றாள். தங்கமான பிள்ளை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் சமையலை இடையில் நிறுத்திக் கூப்பிடுவது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

போன வாரம் மகள் கார்ச் சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"அம்மா, பி ரியலிஸ்டிக். ஒரு ட்ரொப் போடத் தெரியாம எப்பிடித் தனிய இருப்பீங்க? எங்கட வீட்டில கீழ் ரூம் சும்மா கிடக்குது. இந்த வீட்டை ரென்ற்றுக்குக் குடுப்பம்."

"அடுத்த கண்ணும் செய்து முடியட்டும், பாப்பம்."

"இல்லை அம்மா. சனிக்கிழமைக்குள்ள நீங்களே போடப் பழகினால் ஓகே. இல்லாட்டி வரத்தான் வேணும்."

கோபம் வந்தது. என்ன செய்வது, பேச்சில் பிழை இல்லை. அவளுக்கும் உங்களைப் போலவே பேச்சில் பிழை விடத் தெரியாது. சண்டைக் காலத்தில் ஒருமுறை வீட்டைவிட்டு ஓடியவள் நான். திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினோம், நினைவிருக்கிறதா? இனி ஒரு வீட்டை விட்டு எழும்ப என்னால் ஏலாது. நீங்கள் கோப்பி குடிக்கும் கதிரை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் நட்டு, காய்க்கவே காய்க்காத தேசிமரமும் இங்கேதான் நிற்கிறது.

இந்த மகளுக்காகத்தான் நான் அன்று சொட்டு விட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்று எல்லாருடைய வண்டியும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் ஸ்டார்ட் வராது. ஸ்டார்ட்டுக்கு மட்டும் காபரேற்றரின் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்ட வேண்டும். அந்தப் பெற்றோல் பொன் மாதிரி. நான் அதை ஒரு காலிக் கண்மருந்துப் போத்தலில் ஊற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அது என்னோடுதான் வரும். நீங்கள் கிக்கரை உதைப்பீர்கள், நான் குனிந்து சொட்டு விடுவேன். ஊரே எங்களைப் போலத்தான் சோடி சோடியாகக் குனிந்து நிமிர்ந்தது.

அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. ஊரடங்குக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் போத்தலைப் பிடித்தேன். கை நடுங்கி, பொன்போல் வைத்திருந்த பெற்றோல் மண்ணில் சிந்தியது. நான் அழத் தொடங்கிவிட்டேன். நீங்கள் சத்தம் போடவில்லை. கிக்கரில் காலை வைத்தபடி சொன்னீர்கள்: "முதல் சொட்டு போறது போகட்டும் எண்டு நினையும். அது எங்களுக்கில்லை. ரெண்டாவதை விடும்."

இரண்டாவதில் வண்டி பிடித்துக்கொண்டது. பிள்ளையும் பிழைத்தாள். இன்றைக்கு எனக்குச் சனிக்கிழமை கெடு வைக்கிறாள்.

இதையெல்லாம் அடுக்களை லாச்சியைத் திறந்தபோது நினைத்தேன். உள்ளே உங்கள் போத்தல் கிடந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து நீங்கள் திருப்பிக் கொண்டுவந்த ஒரே சாமான். மூடியைக் கழற்றி மணந்து பார்த்தேன். பெற்றோல் மணம் எப்போதோ போய்விட்டது. வெறும் பிளாஸ்ரிக். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. இத்தனை நாளும் போல இன்றும் மணந்து பார்க்காமல் விட்டிருக்கலாம் என்றும் பட்டது.

நீங்கள் அந்தப் பயணம் போன கதையை நினைத்தால் இப்போதும் பாதி எரிச்சல் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அடிலெய்டில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றீர்கள். போய்ச் சேர்ந்த வாரமே தபால்காரர் ஓட்டிக் கழித்த ஒரு பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டீர்கள். தம்பி எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, அத்தானுக்கு என்ன விசரோ? இந்தச் சின்ன வண்டியில தனிய டார்வினுக்குப் போகப் போறாராம். நடுவில ஒண்டுமில்லை அக்கா, வெறும் பாலைவனம்!"

போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"எங்கட பழைய வண்டியின்ர அதே இஞ்சினப்பா, கொஞ்சம் பெரிசு" என்றீர்கள். அது பதில் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். பிறகு சொன்னீர்கள்: "ஒருத்தரும் மறிக்காத றோட்டில ஒருக்கா ஓடிப் பாக்க வேணும்."

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓடிய றோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண், இருந்தது. தூரத்தில் கண்டதும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அடையாள அட்டையைக் கேட்கும் முதலே எடுத்து நீட்ட வேண்டும். பின்னால் நடந்து வரும்போது உங்கள் முதுகு சேட்டோடு நனைந்து ஒட்டியிருப்பதை எத்தனை நாள் பார்த்திருப்பேன். என் முழங்கால் இருந்த இருப்பில் பின்னால் ஏறி வரவும் முடியாது. போங்கள் என்றேன். தூசுக்குக் கண் சிவந்துபோகும், கண்மருந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று தம்பியின் மனைவியிடம் சொன்னேன். குளிருக்கென்று நான் பின்னிக் கொடுத்த நீலச் சுவெட்டரும் பைக்குள் இருந்தது.

போன் பிடிக்கும் இடங்களில் மட்டும் கதைத்தீர்கள். மண் செங்கல் நிறம் என்றீர்கள். ரயில்போல நீண்ட லொறிகள் கடக்கும்போது காற்று வண்டியையே தூக்கி அடுத்த பக்கம் வைக்கிறது என்றீர்கள். செத்த கங்காருவின் மேல் கழுகு குந்தியிருந்து, வண்டி கிட்ட வந்தும் எழும்பாமல் உங்களைப் பார்த்ததாம். நான் இங்கே மழையில் உடுப்புக் காயாமல், வீட்டுக்குள் கொடி கட்டிக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு இரண்டு நாள் போன் வரவில்லை. நான் சோறு சமைத்தேன், சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் போன் வந்தபோதுதான் தெரிந்தது: எதிர்க்காற்றில் வண்டி பெற்றோலைக் குடித்துத் தீர்த்துவிட, நடு றோட்டில் நின்றிருக்கிறீர்கள். வெயில் சாயும் நேரத்தில் கேரவன் இழுத்துக்கொண்டு ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி வந்திருக்கிறது. அவர்களுடையது டீசல் வண்டி. ஏறி வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்களோ, விளக்குக்கு மண்ணெண்ணெய் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டீர்களாம்! வண்டியைச் சரித்துத் தாங்கியின் அடியில் கிடந்த கடைசிப் பெற்றோலை வடித்தெடுத்து, நான் சொல்லி வாங்கிய கண்மருந்தை முழுவதும் மண்ணில் ஊற்றிவிட்டு, அந்தப் போத்தலில் நிரப்பினீர்களாம். மண்ணெண்ணெய் தாங்கிக்குள் போயிற்று. அந்தச் சோடி விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றதாம்.

"அவ கேட்டவ, நான் சொட்டு விடட்டோ எண்டு. வேண்டாம் எண்டுட்டன். அது உம்மட வேலையெல்லே. ஆனா பாரும், முழங்கையைச் சீற்றில ஊண்டிக்கொண்டு விட்டால் கை நடுங்காது. ஒரு கையால விட்டு, ஒரு காலால உதைச்சு, தனியவே ஸ்டார்ட் பண்ணிட்டன்!"

வென்றுவந்த பிள்ளைபோல் இருந்தது உங்கள் குரல். நீங்கள் உயிரோடு கதைப்பதே எனக்குப் போதும் என்றிருந்தது. ஆனாலும் எங்கேயோ சுருக்கென்று குத்தியது.

"அப்ப இனி நான் தேவையில்லை" என்றேன்.

நீங்கள் சொன்னீர்கள்:

"வேலைக்கு மட்டும்தானப்பா தேவையில்லை."

வடக்கே போகப்போகக் கறையான் புற்றுகள் ஆளுயரத்துக்கு நின்றனவாம். போகிறவர்கள் வருகிறவர்கள் அவற்றுக்குச் சேட்டும் தொப்பியும் போட்டு விடுவார்களாம். "எங்கட ஆக்கள் எண்டால் மஞ்சள் பூசிப் பாலெல்லே வாத்திருப்பினம்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மற்றதையும் சொன்னீர்கள். தூரத்தில் பச்சைச் சேட்டோடு ஒருவன் றோட்டோரம் நிற்பது தெரிந்ததாம். நீங்கள் வேகத்தைக் குறைத்து, இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றி, வண்டியை உருட்டத் தொடங்கிவிட்டீர்களாம். கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்விட்டதாம். கிட்டப் போய்ப் பார்த்தால் புற்று.

நான் சிரிக்கவில்லை. ஒருவரும் மறிக்காத றோட்டைத் தேடிக் கடல் கடந்து போன என் மனிசனை, முப்பது வருடம் கழித்து, ஒரு மண்மேடு மறித்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் நீங்கள் நெடுநேரம் குந்தியிருந்ததை வீட்டுக்கு வந்து வெகுநாளைக்குப் பிறகுதான் சொன்னீர்கள். அழுதீர்களா என்று நானும் கேட்கவில்லை. எழும்பும்போது என் நீலச் சுவெட்டரைக் கழற்றி அடுத்த புற்றுக்குப் போட்டுவிட்டு வந்தீர்கள். "பாவம், தனிய நிக்கிறான், துணைக்கு ஒராள் இருக்கட்டும்" என்றீர்கள். நான் அரைக் குளிர்காலம் இருந்து பின்னிய சுவெட்டர் என்று சண்டை பிடித்தேன்.

வண்டியை டார்வினில் யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஒக்லாந்து விமான நிலையத்தில் உங்கள் சப்பாத்தைப் பிடுங்கி, வேற்று நாட்டு மண் ஒரு துகளும் இல்லாமல் கழுவித்தான் தந்தார்கள். அந்தச் சிவப்பை நான் பார்க்கவே இல்லை. போத்தலை மட்டும் கொண்டுவந்து, "இந்தாரும் உம்மட சாமான்" என்று தந்தீர்கள்.

போன குளிர்காலம் சளி பிடித்தது நெஞ்சில் இறங்கி, உங்களைக் கொண்டு போய்விட்டது. கடைசி நாட்களில் மூச்சுக் குழாயோடு உங்களால் பேச முடியவில்லை. என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். அந்தக் கைக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

இன்று சனிக்கிழமை. மகள் வரும் முன்னே, மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தலையைக் கதிரையின் முதுகில் சாய்த்தேன். உங்கள் கதிரைதான். முதல் சொட்டு போவது போகட்டும் என்று நினைத்தேன். அது போயிற்று, கழுத்துவரை ஓடிற்று. இரண்டாவது, குளிர்ந்துபோய், நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. கண் எரிந்தது. நான் அப்படியே கிடந்தேன்.

கண்ணைத் திறந்தபோது மகள் வாசலில் நின்றாள். தன் திறப்பால் திறந்துகொண்டு வந்து, பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கைதட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போய் இருந்தது. மருந்து விடவென்று வாசலிலேயே சனிற்றைசர் தேய்த்த கை ஈரமாக அப்படியே இருந்தது.

"ஓகே அம்மா" என்றாள். பிறகு, "ஸோ... இனி நான் காலமை வரத் தேவையில்லை, என்ன?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

"வேலைக்கு மட்டும்தான் பிள்ளை தேவையில்லை" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். இருவரும் கோப்பி குடித்தோம். நான் முதல்முறையாக அவளுக்கு அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றிச் சொன்னேன். பெற்றோலைக் கண்மருந்துப் போத்தலிலா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், அழுதாள். உங்கள் போத்தலைக் கையில் கொடுத்தேன். அவளும் மணந்துதான் பார்த்தாள்.

இப்போது அவள் போய்விட்டாள். வெளியே மழை தூறுகிறது. அந்தப் பாலைவனத்தில் என் சுவெட்டர் இந்நேரம் வெயிலில் நூல்நூலாகப் போயிருக்கும். அது இப்போதும் ஒருவனுக்குத் துணையாக நிற்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். மத்தியானச் சொட்டுக்கு நேரமாகிறது. அதையும் நானே விடுவேன், மற்றக் கண்ணுக்கும் நானே விடுவேன். வேலைக்கு நீங்கள் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

மற்ற எல்லாத்துக்கும் தேவைப்படுகிறீர்களப்பா.