அவர் தூரம் பார்த்த கோடை

ஆனந்த வருஷம், சித்திரை 9

பெரியம்மா வீட்டு விருந்துக்குப் போய் வந்தோம். சோறு நன்றாக இருந்தது. பேச்சுதான் நன்றாக இல்லை. பெரியம்மா மகள் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், "உன் மாப்ளைக்கு இன்னாடி அவ்ளோ தலைக்கனம்? எங்க வாப்பா வாசல்ல நின்னு சலாம் சொல்றாரு, இவுரு தூணைப் பாத்துக்கினு போறாரு"ன்னு கேட்டாள். நான் என்ன சொல்ல? மழுப்பினேன்.

தையில் எங்கள் நிக்காஹ். எனக்கும் இரண்டாவது, அவருக்கும் இரண்டாவது. என் முதல் கணவர் மலாக்காவுக்குப் போன கப்பலோடு மூழ்கிப் போனவர். இவருடைய முதல் மனைவி அம்மையில் மவுத்தானவர். நாகூரில் இருக்கும் அண்ணன் அப்துல் ஹை பார்த்து முடித்தது. வெள்ளைக்காரர் கும்பெனிக்குப் போகும் துணியில் பூக்கொடி எழுத ஜெகபர் அலியை விட்டால் இந்தக் கரையில் ஆள் இல்லை என்று அண்ணன் சொன்னார். அது நிஜம். மூக்கு துணியில் உரசுகிற மாதிரி குனிந்து, ஒரு பூவின் நரம்பைக்கூட விடாமல் எழுதுவார்.

ஆனால் நிமிர்ந்தால் வேறு ஆள். நான் அறைக்குள் வந்தால் சத்தம் கேட்டுத் திரும்புவார். பார்க்க மாட்டார். அவ்வளவு பிடிக்காதவளா நான்?

சித்திரை 14

மடவை மீன் குழம்பு நன்றாக வந்தது. அவரே சொன்னார். தட்டைப் பார்த்துச் சொன்னார்.

சித்திரை 22

கோட்டையில் துணி பார்த்து எடுக்கும் கொர்நேலி துரை ஆள் அனுப்பி இவரை அழைத்தார். போய் வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வாயைக் கிளறித்தான் தெரிந்துகொண்டேன்.

துரை ஆனியில் கப்பலேறித் தன் ஊருக்குப் போகிறாராம். போகும்போது இந்தச் சீமையின் இடங்களைப் படமாக எழுதிக்கொண்டு போக ஆசை. கோட்டை, துறை, ஏரி எல்லாம் அவரே எழுதிவிட்டார். மிச்சம் இருப்பது பாலைவனம் ஒன்றுதான். அவர் ஊரில் எங்கே பார்த்தாலும் தண்ணீரும் புல்லுமாம். வறண்ட நிலம் என்றால் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாதாம். திருப்பாலைவனம் என்று பெயரைக் கேட்டுவிட்டு, அங்கே போக வண்டி கட்டச் சொல்லியிருக்கிறார். பேரில்தான் பாலைவனம், ஊரெல்லாம் நெல்வயல் என்று இவர் அரைகுறைப் பறங்கிப் பேச்சில் சொல்ல, துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு கேட்டாராம் — அப்படியானால் நிஜப் பாலைவனம் எங்கே?

வடக்கே. கோடையில் ஏரி வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும் பக்கம். அதற்கு அப்பால் மணல்மேடு, பாளையக்காரரின் மான்காடு. மரம் வெட்டவோ வலை விரிக்கவோ அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. படம் எழுதத் தடையில்லை.

துரைக்குக் கால் வீங்கி இருக்கிறது, மணலில் நடக்க முடியாது. "நீ போய் எழுதிக்கொண்டு வா" என்றிருக்கிறார்.

இவர் முடியாது என்று சொல்லிவிட்டார்! துரைக்கு முகம் சுருங்கிவிட்டதாம். துணி எடுக்கிற துரையைப் பகைத்துக்கொண்டு நாளை யாருக்கு எழுதுவது? ஏன் முடியாது என்று கேட்டேன். துணியை இழுத்து வைத்துக்கொண்டு பூ எழுதக் குனிந்துவிட்டார்.

சித்திரை 25

மனசு ஆறவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

மாலையில் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்து நின்றார். எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிற்று. கடலில் ஒரு தோணிகூட இல்லை. நான் சொன்னேன், "மூணு கப்பல் நிக்குது பாருங்க, பாயெல்லாம் விரிச்சிக்கினு."

"ஆமா, அழகா இருக்குது" என்றார்.

துணி கையிலிருந்து நழுவிவிட்டது.

"அங்க ஒரு கப்பலும் இல்லீங்க."

கைப்பிடிச் சுவரை விட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றார். கை நீளத்துக்கு அப்பால் எல்லாம் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரியாம். எதிரே வருகிறவர் ஆணா பெண்ணா என்பது பக்கத்தில் வந்தால்தான் தெரியுமாம். துரை ஒருமுறை விளையாட்டாகத் தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாராம். கிழவர்கள் படிக்கிற கண்ணாடி அது, இருந்த கொஞ்சம் பார்வையும் கலங்கிவிட்டதாம்.

"இன்னாத்துக்கு யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாரு பொண்ணு குடுப்பா? யாரு துணி குடுப்பா?"

அப்போ என்னை ஏமாத்தித்தானே கட்டிக்கினாரு? அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது. நாலு மாசமா நான் மூஞ்சியைக் கழுவிக் கழுவி, சுருமா போட்டுக்கினு போய் நின்னேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பைத்தியக்காரி மாதிரி அழுதேனே.

ஆனாலும் ஒன்று. பிடிக்காமல் இல்லை. தெரியாமல்தான்.

வைகாசி 5

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. அண்ணன் வந்திருந்தார். இவர் என்னைப் பார்ப்பதே இல்லை என்று பங்குனியில் நான் அழுதுகொண்டு சொல்லி அனுப்பியது அவர் மனசிலேயே இருந்திருக்கிறது. இவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, "உனக்கு இங்க சரிப்படலன்னா சொல்லு, இப்பவே கூட்டிக்கினு போறேன்" என்றார். கண் விஷயத்தை நான் சொன்னால் போதும், எனக்கு நியாயம் இருக்கிறது. வாய் வரை வந்தது.

சொல்லவில்லை. ஆனி வரை பொறுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் இவரிடம் சொன்னேன்: துரையிடம் போய் ஒப்புக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பதை நான் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை எழுந்து, கிட்டே வந்து, பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வைகாசி 9

துரைக்கு ஒரே சந்தோஷம். தன்னுடைய இருட்டுப் பெட்டியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முன்னால் ஒரு கண்ணாடி வில்லை, உள்ளே சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடி, மேலே பனி படிந்த மாதிரி மங்கலான ஒரு கண்ணாடி. எதிரே இருப்பது அதன்மேல் வந்து விழுமாம். எண்ணெய் பூசிய மெல்லிய காகிதத்தை வைத்துக் கோடுகளை அப்படியே இழுக்க வேண்டியதுதானாம். வீட்டில் திறக்கவில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது?

வைகாசி 12

தோணியில் வடக்கே புறப்பட்டோம். தோணி சந்தியாகுவுடையது. துணைக்கு அவர் மனைவி சூசையம்மாளும் வந்தார். வழியெல்லாம் நானும் சூசையம்மாளும் பேசிக்கொண்டே வந்தோம். எனக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று மறந்தே போயிருந்தேன்.

போகப் போக ஏரி மெலிந்தது. தோணியின் அடி சேற்றில் உரசியது. சந்தியாகு இறங்கித் தள்ளினார். பிறகு அதுவும் முடியாமல் கட்டிப் போட்டுவிட்டு நடந்தோம். காலுக்கடியில் உப்பு அப்பளம் மாதிரி நொறுங்கிற்று. கண் கூசுகிற வெள்ளை. அவர் என் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தியாகு கவனித்தாரோ என்னவோ, கேட்கவில்லை.

மான்காட்டுக் காவல்காரர் சகாதேவன் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். பெட்டியைப் பார்த்ததும் மான் பிடிக்கிற பொறி என்று நினைத்து வழிமறித்தார். துரை கொடுத்த கோட்டைச் சீட்டைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்; பனை ஓலையில் எங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

வைகாசி 13

இந்த நாளை மறக்கக்கூடாது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் மணல்மேட்டின் மேல் பெட்டியை வைத்தோம். அவர் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தார். நான் பக்கத்தில் நின்று, பேசி வைத்த மாதிரி, இடது பக்கம் பனை, நடுவில் உப்பு வெளி என்று சொல்லத் தொடங்கினேன். அவரிடமிருந்து சத்தமே இல்லை. மயக்கமோ என்று பயந்து தோளைத் தொட்டேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஜைனம்பு, பனை உச்சியில ஓலை தனித்தனியா இருக்குது."

எனக்கு விளங்கவில்லை.

"தனித்தனியா இருக்குது. ஆடுது. ஒண்ணொண்ணும் விசிறி மாதிரி."

அப்போதுதான் புரிந்தது. தூரம் பெட்டிக்குள் வந்து அவர் மூக்குக்குக் கீழே விழுகிறது. விழுந்துவிட்டால் அது தூரமில்லையே, துணியில் இருக்கும் பூ மாதிரிதானே. மரத்தைத் தொட்டிருக்கிறார், நிழலில் உட்கார்ந்திருக்கிறார், உச்சியைப் பார்த்ததில்லை. இத்தனை வயசுக்கு.

அதற்குப் பிறகு என்னைச் சொல்லவே விடவில்லை. பார்த்ததை அவர்தான் சொன்னார், பேரை மட்டும் நான் சொன்னேன். அந்த வெள்ளைக் கோடு என்ன? உப்பு. அதற்கு அப்பால் நடுங்குவது? கானல். ரோஜா நிறத்தில் ஒரு கோடு நடந்து போகிறதே? பூநாரைக் கூட்டம். வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு இருக்கிறது, அது இவ்வளவு மெல்லிசா என்று கேட்டார். நான் அதைப் பற்றி எப்போது யோசித்தேன்?

நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

வைகாசி 14

இன்று எழுதினார். காகிதத்தில் எல்லாம் இடம் வலமாக விழுகிறது. முடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. உயிருள்ளதை எழுதுவதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அதனால் பூநாரை நின்ற இடத்தைத் தண்ணீராகவே விட்டுவிட்டார். சூசையம்மாள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கருவாடும் கஞ்சியும். இவ்வளவு ருசியாக எப்போது சாப்பிட்டேன்?

வைகாசி 15

எத்தனை முறை கழுவியும் சேற்று வாடை போகவில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும்.

உப்பு வெளி எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரியவில்லை, நீ நடந்து போ, அளவு தெரியும் என்றார். நடந்தேன். என்னைப் பார்க்கிறார் என்பது முதுகில் தெரிந்தது. கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அதனால்தான் தாண்டக்கூடாது என்று காவல்காரர் முதல் நாளே சொல்லியிருந்த எல்லையைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. உப்பு உடைந்தது. ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் போயிற்று. இழுத்தேன், அடுத்த காலும் போயிற்று. பிறகு இடுப்பு.

நான் கத்துவதற்கு முன்னாலேயே மேட்டில் அவர் கத்திவிட்டார். பந்தலில் இருந்த சந்தியாகுவோ சகாதேவனோ பார்க்கவில்லை. கண் தெரியாதவர்தான் பார்த்தார். துணியை உதறிவிட்டு இறங்கி ஓடி வந்தார். பெட்டியை விட்டு வந்ததும் எல்லாம் சாயமாகிவிட்டிருக்கும். பாதி வழியில் திசை தவறி வேறு பக்கம் ஓடினார். அந்தப் பக்கம் இன்னும் மோசமான சேறு.

"எனக்குத் தெரியல! கண்ணு தெரியல எனக்கு! குரல் குடு, ஜைனம்பு, குரல் குடு!"

எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அந்த வெளி முழுக்க.

நான் இங்க இங்கன்னு கத்திக்கினே இருந்தேன். குரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மண்டியிட்டுத் தடவி என் கையைப் பிடித்தார். அதற்குள் சந்தியாகுவும் சகாதேவனும் பனைமட்டையோடு வந்து சேர்ந்தார்கள். மூவரும் இழுத்துப் போட்டார்கள்.

கரையில் உட்கார்ந்து இருவரும் மூச்சு வாங்கினோம். என் மூஞ்சியெல்லாம் சேறு. மிகக் கிட்டே வந்து பார்த்து, தன் தலைப்பாகையை அவிழ்த்துத் துடைத்தார்.

சந்தியாகு காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே, "இது தெரியாம ஊரே ஒன்னைத் திமிர் புடிச்ச ஆளுன்னு பேசுது, மரைக்காயரே" என்றார். அவர் தலையாட்டினார். மறுக்கவில்லை.

வைகாசி 16

காலையில் சந்தியாகு தண்ணீர் கொண்டு வந்தார். தூரத்திலிருந்தே, "சந்தியாகு வந்துக்கினு கீறேன்" என்று சத்தம் போட்டார். இவர், சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார்.

நேற்று விட்ட படத்தை இன்று முடித்தார். நான் போன வழியில் என் காலடித் தடம் உப்பில் வரிசையாக இருந்தது. அதை ஒவ்வொன்றாக எழுதினார். தடத்துக்கு உயிர் இல்லையே.

ஆனி 6

துரை படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். கடைசிப் படத்தில் இது என்ன புள்ளிகள் என்று கேட்டாராம். என் பெண்சாதி போன வழி என்று இவர் சொல்லியிருக்கிறார். போன வழி இருக்கிறது, திரும்பிய வழி இல்லையே என்றாராம் துரை. இவர் சேற்றுக் கதையைச் சொன்னார், கண் விஷயத்தையும் சேர்த்து. துரை எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

புதிதாக வரும் துரைக்கு இவர் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகிறார்.

ஆனி 15

கப்பல் போயிற்று. பெட்டியும் போயிற்று. மாடியில் நின்றோம். பாய் விரித்துவிட்டார்கள், இப்போது திரும்புகிறது, இப்போது ஒரு நகம் அளவுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெட்டி போனதில் வருத்தமா என்று கேட்டேன்.

"இருக்குது. ஆனா விளிம்பு எங்க இருக்குதுன்னு இப்ப தெரியும். நீ சொல்றது அங்க போய் விழுது."

ஆனி 21

அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். இங்கேயே இருக்கிறேன், கண் விஷயம் உட்பட எல்லாம் நேரில் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆடி 11

காற்று மாறிவிட்டது. தெருவெல்லாம் மணல்.

சந்தியாகு வாய் சும்மா இருக்குமா? கோட்டைக்குப்பம் வரை எல்லாருக்கும் தெரியும். இவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. தெருவில் போனால் ஒவ்வொருவரும் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். மீன் விற்கிற எல்லம்மா கூடையோடு தெருமுனையிலிருந்தே கூவுகிறாள். பெரியம்மா வீட்டு வாப்பா, "நான்தான், இப்ப சலாம் சொல்லப் போறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சொல்கிறார். இவர் சிரித்துக்கொண்டே பதில் சலாம் சொல்கிறார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் வாசலை விட்டு இறங்கி, நாலு வீடு தள்ளி, வழியில் நின்றேன். பேசாமல் நின்றேன். நேராக வந்தார். முட்டுகிற அளவு வந்ததும் நின்று, குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"பேர் சொல்லாம நிக்கிறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றார்.