முதல் பட்டனில் இருந்த குரல்

ஆயுத பூசைக்கு நீ வைத்த சந்தனம் இந்தப் பெட்டியின் முதல் பட்டனில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்கக் கை வரவில்லை. நீ காய்ச்சலில் போன பிறகு, உங்கள் கச்சேரிக் குழுவில் பட்டன் தட்டி ஒலி எழுப்பும் இந்தப் பெட்டியை உன் அண்ணன் யாரையும் தொட விட்டதில்லை. முந்தாநாள் அவரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நாளைக்கு நரிக்குடியில கச்சேரி. அந்தக் கோரஸைக் கேட்டுத்தாம்மா நம்மளக் கூப்பிட்டிருக்காக. அது வரலைன்னா இனி யாரு கூப்பிடுவாக?" என்றார்.

லேப்டாப் பழுதாகி, அருப்புக்கோட்டைக் கடையில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தார்கள். உன் பாட்டுகள் தப்பியிருந்தன, பிளகின் போய்விட்டது. எந்தப் பட்டனுக்கு எந்த ஒலி என்று லேப்டாப்புக்குச் சொல்லும் அந்தச் சின்ன மென்பொருள் இல்லாமல் பெட்டி வெறும் டப்பா.

காலேஜ் முடித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று அண்ணனுக்கு நம்பிக்கை. நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது வணிகவியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளகினை இறக்கி ஏற்றினேன். ஏறிவிட்டது என்றது லேப்டாப், பாட்டு மென்பொருளைத் திறந்தால் காணோம். நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அப்போதும் காணோம். "மொதல்ல ஒயரப் பாரு, அப்புறம் அழு" என்பாய். ஒயரை மாற்றினேன். பெட்டியில் விளக்கு வந்தது, அவ்வளவுதான். கடைசியில்தான் கண்ணில் பட்டது: பிளகின் ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்க, மென்பொருள் வேறொரு ஃபோல்டரில் தேடிக்கொண்டிருந்தது. இடத்தைக் காட்டினேன். பட்டன்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

சந்தனத்தின் மேலேயே விரல் வைத்தேன். அந்தக் கோரஸ் வந்தது. பெண்கள் கூட்டமாக முனகுகிற, "மெட்ராஸ்ல வாங்குனது" என்று நீ எல்லோரிடமும் சொன்ன ஹம்மிங். மேடையில் நீ பாதியிலேயே விரலை எடுத்துவிடுவாய். எனக்கு அது தெரியாது, அழுத்தியபடியே இருந்தேன். ஹம்மிங் முடிந்து காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு, அதே எதிரொலியோடு, "போதுமாடி?"

என் குரல்.

பாலவனத்தம் பொட்டலில் நடந்த உங்கள் கச்சேரி கண்முன் வந்தது. கூட்டம் வருமுன் மைக் சரிபார்க்க என்னைத்தான் நிறுத்துவாய். "காலி சேருக்கு முன்னாடி பாட என்னடி வெக்கம்?" அன்று நான் முனகி முடித்து, போதுமா என்று கேட்டபோதும் நீ லேப்டாப்பை விட்டு நிமிரவே இல்லை. சவுண்டைச் சரிசெய்கிறாய் என்றிருந்தேன். அந்த ஒற்றைக் குரலைப் பலதாக அடுக்கி, ஊர் ஊராக ஒலிக்க விட்டிருக்கிறாய். நானும் கீழே உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். என்னிடம் அனுமதி கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையா? சண்டை போடவும் ஆளில்லாமல் போய்விட்டாயே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பெட்டியின் மேல் குனிந்தார். அவருக்கும் தெரியாது.

"யாரும்மா அது?"

அழித்துவிட ஒரு நொடி போதும். யாருக்கும் தெரியாது.

"நான்தாண்ணே."

பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "நாளைக்குப் போடலாமாம்மா?" என்றார். நீ கேட்காத கேள்வி. தலையாட்டினேன்.

நேற்று நரிக்குடியில் அந்தப் பட்டனை நான்தான் அழுத்தினேன். அந்தச் சொல் வருமுன் விரலை எடுத்துவிட்டேன். ஆனால் அதை வெட்டி எறியவில்லை. அந்தச் சொல்லுக்கு அன்று நீ சொன்ன பதில் அதில் பதிவாகவில்லை. எனக்கு மறக்கவும் இல்லை.

"இன்னொரு தடவ பாடுடி."