பெட்டிக்குள் போட்ட ஸ்வெட்டர்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நல்ல செய்தி: உன் பிள்ளை வாலு பிழைத்துவிட்டான். போனில் உன்னிடம் லேசான காய்ச்சல் என்று சொன்னது பொய். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

நீ வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டுதான் இந்தப் பத்து மாதமும் உன் பிள்ளை தூங்கினான். குளிப்பாட்டுவது நான், சோறூட்டுவது நான், வாந்தியைத் துடைப்பதும் நான். தூக்கம் வந்தால் மட்டும் ஐயாவுக்கு அந்த ஸ்வெட்டர் வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். உன் வாசனை போய்த் தொலையட்டும் என்று அதைப் பெட்டிக்குள் போட்டு, கூடவே நாலு பாச்சை உருண்டையும் போட்டு மூடினேன். அந்த உருண்டையின் நெடி அவன் ரத்தத்துக்கு ஆகாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டும் எனக்கே அது தெரியும். பெட்டிதான் மூடியிருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அவன் திறந்துவிட்டான். நான் வேலைக்குப் போன பிறகு, மூன்று நாள் மத்தியானத் தூக்கத்தில் அதை முகத்தில் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறான். பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டம்மாவுக்கு விவரம் தெரியாது. நாலாம் நாள் கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம்.

அவன் ரத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். அந்த நெடி உள்ளே போனால் மூச்சுக்கான ஆக்ஸிஜனே ரத்தத்துக்கு எதிரியாகிவிடும். நமக்கெல்லாம் சிவப்பணுக்கள் தாக்குப்பிடிக்கும். அவனுக்குப் பிறவியிலேயே அந்தத் தற்காப்பு நொதி, அதுதான் அந்த என்சைம், குறைவு. உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் கெட்டுக் கட்டிதட்டி, அணுவின் மேலுறை விறைத்து உடைகிறது. கெட்ட இடத்தை மண்ணீரல் பிய்த்து எடுத்ததில், பாதி அணுக்கள் கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி நின்றன.

அம்மாவின் நிறமும் குரலும் உனக்குத்தான் வந்தது. இந்தக் குறையும் அம்மாவிடமிருந்து உன் வழியாகத்தான் அவனுக்கு. என்னைச் சோதித்தார்கள், என்னிடம் இல்லை. அதற்கும் ஒரு நொடி பொறாமைப்பட்டேன், சிரிக்காதே. இல்லாததால்தான் என் ரத்தத்தை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள்.

டாக்டரிடம், "தெரியாமல் நடந்துவிட்டது" என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

கண் விழித்ததும், "அம்மா எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்டான். கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நீ வருவாய், திட்டுவாய், அவனை அழைத்துக்கொண்டு போவாய். நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏற்றிய அணுக்கள் மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இருக்காது. என்னுடையது கொஞ்சம் அவனுக்குள் ஓடுகிறவரை அவனை என்னிடம் விட்டுவை. அப்புறம் முழுசாக உன் பிள்ளை.

நீ நன்றாயிரு.

உன் அக்கா