வலி உண்டோ?

மட்டாஞ்சேரி
5 மே 2025

சுதர்ஷனுக்கு,

நலம் என்று தொடங்க எனக்கு வாய்க்கவில்லை. ஃபோனில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். ஆனால் உன்னைத் திட்டாமலும் இருக்க முடியவில்லை. அதனால் தபால்.

வைட்டிலாவில் பஸ் மோதியதிலிருந்து மார்ஃபின் மாத்திரைதான் என்னை நிற்க வைக்கிறது, உனக்குத் தெரியும். விஷு கழிந்து மாத்திரை வாங்கப் போன அன்று நான் ஆட்டோவில் சுருண்டு கிடந்தேன். "நீ படுத்துக்கோண்ணா, நான் பேசறேன்" என்று நீதான் டாக்டர் அம்பிளியின் அறைக்குள் போனாய். பாதி மாத்திரையோடு திரும்பி வந்தாய். ஆஸ்பத்திரியில் புது விதியாம். கேன்சர் இல்லாதவர்களுக்கு அளந்துதான் தருவார்களாம். வேறு பழக்கம் உள்ளவர்களுக்குக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடுவார்களாம். எனக்கு என்ன பழக்கம்? சாயா குடிப்பேன்.

உள்ளே என்ன சொன்னாய்? "அண்ணா மாத்திரைக்கு அடிமையாயிட்டான்" என்று பாலக்காட்டு அத்தையிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது.

ஜூன் இரண்டில் பள்ளி திறக்கிறது. அன்று பத்தாம் வகுப்பில் நின்று பாடம் எடுக்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வருவார் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

பத்து வயதில் உன்னைக் கோயம்புத்தூர் சித்தி வீட்டுக்கு அனுப்பி கான்வென்டில் படிக்க வைத்தார்கள். என்னை அனுப்பவில்லை. அதை மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன்.

வெங்கிடராமன்

கோயம்புத்தூர்
12 மே 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உனக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வயதோடு எனக்கு மலையாளம் மறந்துபோயிற்று; அந்த டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. அவர்களாகத்தான் "வலி உண்டோ?" என்று கேட்டார்கள். "உண்டு டாக்டர், ராத்திரி பகல் இல்லாம உண்டு. எங்கண்ணாவால நிறுத்தவே முடியலை. வலி ஜாஸ்தியானா வீட்டையே ரெண்டாக்கிடுவான்" என்று கண்ணீரோடு சொன்னேன். கேட்டவர்கள் முகம் மாறிவிட்டது. இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாத்திரை குறைந்ததும் உனக்கு வந்த நடுக்கத்தைப் பார்த்து பயந்துபோய்த்தான் அத்தையிடம் அப்படிச் சொன்னேன். ஸாதனா மன்னியையாவது என்னிடம் பேசச் சொல்.

உன் தம்பி
சுதர்ஷன்

மட்டாஞ்சேரி
19 மே 2025

சுதர்ஷனுக்கு,

முகம் மாறியதாம், இரக்கமாம். நீ அழுததற்கு எனக்குக் கிடைத்தது பாரசிட்டமால். நேற்று பல் தேய்க்கக்கூட நிற்க முடியவில்லை. வியாழக்கிழமை நானே போகிறேன். நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். நீ வர வேண்டாம்.

வெ.

மட்டாஞ்சேரி
2 ஜூன் 2025

அன்புள்ள சுதர்ஷா,

ஸ்ட்ரெச்சரில்தான் போனேன். டாக்டர் அம்பிளி என்னைப் பார்த்து, "சாரே, இப்போழும் வலி உண்டோ?" என்று கேட்டு, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"ஞானோ? பீடி தொட்டிட்டில்ல!" என்றேன்.

"அனியன் பறஞ்ஞல்லோ! ராத்திரியும் பகலும் உண்டு, நிறுத்தான் பற்றுன்னில்ல, வீட்டில் பஹளம் என்னு. ஞான் கஞ்சாவு என்னு விசாரிச்சு."

நீ சொன்னதைக் கேட்டுக் கஞ்சா என்று நினைத்துவிட்டாளாம்! முதுகு பிளக்கச் சிரித்தேன். மடையா, நமக்கு வலி என்றால் மலையாளிகளுக்கு வேதனை. அவர்களுக்கு வலி என்றால் புகை இழுப்பது. இத்தனை வருடமாக நான் அந்த அறையில் 'வேதன' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் நீ போய், அண்ணனைக் கஞ்சாக்காரனாக்கிவிட்டு வந்திருக்கிறாய்!

"அவன் வலின்னு பறஞ்ஞது வேதன, டாக்டரே!"

"ஐயோ, என்டே ஈஸ்வரா" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பலமுறை மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டேன், பழைய அளவில்.

அதோடு விடவில்லை. எனக்குப் பின்னால் முனியாண்டி என்று ஒருவர், கார்ப்பரேஷனில் வேலை பார்த்து இடுப்பு போனவர். அவர் நிஜமாகவே பீடிக்காரர். அதைச் சொல்லித்தான் அவருக்கும் நிறுத்தியிருந்தார்கள். நான் கேட்டேன்: "வலி உள்ளவனு வேதன பாடில்லே, டாக்டரே?"

பீடி இழுப்பவனுக்கு நோகவே கூடாதா என்று கேட்டதும், அவருடைய சீட்டைத் திரும்ப வாங்கினாள். பிறகு அவருக்கும் எழுதினாள். "சாரே, நம்மளை ஜெயிக்க வச்சுட்டீங்களே" என்று அவர் என் ஸ்ட்ரெச்சரையே தள்ளப் பார்த்தார். இருவரும் விழ இருந்தோம். விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதுவதாகவும் டாக்டர் சொல்லியிருக்கிறாள். எழுதினாளா என்று போகும்போதெல்லாம் கேட்பேன். என்னைத்தான் தெரியுமே.

இன்று முதல் பீரியட் முழுக்க நின்றேன். மேசையைப் பிடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை நான் பலகையில் வேண்டுமென்றே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கான்வென்ட் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அத்தையிடம் நீயே போய்ச் சொல்லிச் சரி செய். உன் பிளாக்கை எடுத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிடு. ஆனால் பள்ளி நேரத்தில் கூப்பிட்டு "வலி எப்படி இருக்குண்ணா?" என்று மட்டும் கத்தாதே. ஹெட்மாஸ்டர் மலையாளி.

உன் அண்ணா
வெங்கிடராமன்