ஏற்புடைய கருத்து யாருக்கு ஏற்புடையது?

அனுப்புநர்:
கூட்டக் குறிப்பு எழுதும் தட்டச்சர்,
பொது மருத்துவமனை அலுவலகம்.

பெறுநர்:
மருத்துவமனைகளின் ஆய்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: சலவைப் பிரிவு ஊழியரின் இடமாற்றத்தை ரத்து செய்யவும், அவர் கூறியதைக் குறிப்பில் சேர்க்கவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. எங்கள் மாதக் கூட்டத்தில் ஊழியர்கள் 'ஏற்புடைய கருத்துகளை' மட்டும் கூறலாம் என்பது விதி. அகராதியில் இச்சொல்லுக்கு 'ஏற்றுக்கொள்ளத்தக்க' என்று பொருள். எங்கள் அலுவலகத்திலோ 'மேலாளர் முகம் சுளிக்காத' என்று பொருள். நான்கு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பில் இச்சொல்லைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2. சென்ற கூட்டத்தில் எல்லோரும் நிர்வாகத்தைப் பாராட்டி அமர்ந்த பின், சலவைப் பிரிவு அக்கா எழுந்தார். "உலர்த்துற மெஷின் ரெண்டும் கெட்டு மூணு மாசம் ஆச்சுங்க. மழையில கொடியிலயும் காயல. குழந்தைங்க வார்டுல பிள்ளைங்க ஈர விரிப்புலதான் படுத்திருக்கு" என்றார். மேலாளர், "இது ஏற்புடைய கருத்து இல்லையேம்மா" என்றார். "யாருக்குங்க? உங்களுக்கா, அதுல படுக்கிற பிள்ளைக்கா?" என்று கேட்டார் அக்கா. குரலை உயர்த்தவில்லை.

3. அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்றார் மேலாளர். நானும் எழுதவில்லை. பிள்ளைகுட்டிக்காரன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4. மூன்றாம் நாள் அக்காவைப் பழைய கோப்பு அறையைத் துடைக்க மாற்றினார்கள். ஆணையை நான்தான் கொண்டுபோனேன். படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். குழந்தைகள் பிரிவின் முப்பத்தாறு விரிப்புகளை ஈரம் போகும்வரை இஸ்திரி போட்டு முடிக்காமல் அவர் கிளம்புவதாக இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அந்த முனையைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். கை சில்லிட்டது. அதுவரை அந்த ஈரத்தை நான் தொட்டுப் பார்த்ததில்லை.

5. என் பதினெட்டு ஆண்டுப் பணியில் இப்படி ஒரு துணிவை நான் கண்டதில்லை. அவரைப் பற்றி இன்று ஊழியர்கள் காதோடு காதாகப் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் கூட்டத்தில் பேச எங்களில் யாருக்கும் நா எழவில்லை.

ஆகவே, இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும், அக்காவை அவர் இடத்துக்கே அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அவர் பேசியதைச் சொல் மாறாமல் சேர்த்து எழுதிய குறிப்பை இணைத்துள்ளேன். அதில் மேலாளரின் கையொப்பம் இல்லை. என்னுடையது இருக்கிறது.

இடம்: மருத்துவமனை அலுவலகம்
நாள்: நவம்பர் 19

இப்படிக்கு,
(ஒப்பம்)
தட்டச்சர்