ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நீ சொல்ல வேண்டியது

இயேசு மரி சூசை துணை

ஆரணி,
தவக்காலத்து இரண்டாம் வெள்ளி

அன்பு மகள் ஜெசிக்கு அம்மா ரோசம்மாள் எழுதுவது. தேவதாயார் பார்வையில் நீ நல்லபடி இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்தக் கடிதத்தில் அப்படி எழுத முடியாது கண்ணு.

அப்பாவுக்கு வாயில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் உங்கள் மடத்து மதருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மதர் மலையாளத்துக்காரர், என் பேச்சில் பாதிதான் அவருக்குப் புரிகிறது. மீதியை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. மாசத்துக்கு ஒருதரம், முதல் ஞாயிறு அன்று, உன்னைப் பேச விடுகிறார்கள். அப்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இருப்பதோ ஒரு ரூம். அதனால்தான் எழுதுகிறேன். இப்போது அப்பா உபதேசியார் வண்டியில் சிலுவைப் பாதைக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. பக்கத்து வீட்டு அம்மணி, மகள் கன்னியாஸ்திரி ஆகப் போகிறாள், நீங்க வாங்க என்று மரியாதையாகத்தான் எழுதணும் என்கிறாள். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

முதலில் அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்கிறேன். அழாமல் படி. இடது கன்னத்தில் உள்பக்கமும் நாக்கில் ஒரு ஓரமும் எடுத்துவிட்டார்கள். மார்பிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மார்புத் தோல் இல்லையா, வாய்க்குள் முடி முளைக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய் இருக்கிறது, அதில்தான் கஞ்சியும் பாலும் ஊற்றுகிறேன். பேச்சு சத்தமாக வருகிறது, வார்த்தையாக வரவில்லை. நீ சின்ன வயதில் எழுதின சிலேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வேண்டியதை அதில் எழுதுகிறார்.

உனக்குத் தெரியும், பட்டுப் பக்கத்தில் பீடி ஆகாது. ஒரு பொறி விழுந்தால் தறியில் கட்டின பாவு நூலே போச்சு. அதனால் தறிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். கை ரெண்டும் கால் ரெண்டும் வேலையில் இருக்கும், வாய்தானே சும்மா இருக்கிறது. நம் பிள்ளை வின்சென்ட் போன பிறகு அப்பா அதைத் துப்பக்கூடத் தறிக் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போளூர் ரோட்டில் பிள்ளையின் வண்டி விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் யார் யாரை எதற்குக் கேட்டோம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேலூருக்குப் போனோம். எடுத்த சதையைப் பார்த்த ரிப்போர்ட் வந்திருந்தது. கழுத்தில் எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றிலும் அந்தப் புற்று இருந்திருக்கிறது. டாக்டர் அம்மா எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டோம், தெரியாதது உள்ளே இருக்கலாம், அதைக் கொல்ல ரேடியேஷன் கொடுக்கணும் என்றார். இங்கே எல்லாரும் கரண்ட் வைக்கிறது என்பார்கள், அதுதான். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். வைத்தால் திரும்பி வராதா என்று கேட்டேன். வராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா, ஆனா வைக்காம விட்டா திரும்பி வர்றதுக்குத்தான் ரொம்ப வாய்ப்பு என்றார். குருத்து ஞாயிறுக்கு முன்னால் ஆரம்பித்துவிட வேண்டுமாம். அதற்கு முன்னால் ஆட்டம் கண்ட கடைவாய்ப் பல்லையெல்லாம் பிடுங்கி, அந்தப் புண் ஆறணும். பல் பிடுங்க வருகிற முதல் ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டு அட்டையில் எல்லாம் ஆகிவிடும், அதைப் பற்றி நினைக்காதே.

அப்பா வர மாட்டேன் என்கிறார்.

ஏன் என்றால் உன் கடிதம்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்ததே, அது. அப்பா, உங்களுக்காக என்னையே ஆண்டவரிடம் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன், அவர் உங்களைக் குணமாக்கிவிட்டார், விசுவாசியுங்கள் என்று எழுதியிருந்தாய். அதை ஆஸ்பத்திரியில் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். இப்போது பீடத்தில் மாதா படத்துக்கு முன்னால் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். நான் கரண்ட் பேச்சை எடுத்தால் சிலேட்டில் எழுதுகிறார். என் மகள் கொடுத்துட்டா, அதுக்கு மேல மெஷினுக்குப் போனா அவ கொடுத்ததுக்கு இன்னா மதிப்பு என்று எழுதுகிறார்.

உன்னைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் பிரியத்தில் எழுதினாய். நானும் அதைப் படித்து அழுதவள்தான்.

பங்கு சாமியார் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். நானே டெய்லி சுகர் மாத்திரை போட்டுக்கினுதான்யா பூசை வைக்கிறேன், எனக்கு விசுவாசம் இல்லைன்றியா என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்சில் வழிய வழியச் சிரித்தார். துடைத்துக்கொண்டு, உங்களுக்குத்தான் மகள் இல்லையே சாமி என்று எழுதிக் காட்டினார். சாமியாரும் சிரித்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மணியின் வீட்டுக்காரர் வேடியப்பன் இருக்கிறாரே, அவருக்கும் முன்பு இதே இடத்தில் வந்து கரண்ட் வைத்தார்கள். எப்படி இருக்கும் என்று அம்மணியைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். வாயெல்லாம் வெந்துபூடும் ரோசம்மா, எச்சில் முழுங்க முடியாது, தண்ணி குடிக்கிறதுக்கே அழுவான், பேஜாரு புடிச்சு ஒருநாள் என்னை அடிக்கக்கூட வந்தான் என்றாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, இப்போ இன்னா, குழம்புல உப்பு இல்லைன்னு சண்டை போட்டுகினு உக்காந்துகீறான், கேளு என்றாள். உள்ளேயிருந்து வேடியப்பன், நான் உசுரோட கீறதே உனுக்குக் குறைதான் என்று கத்தினார். நான் அங்கேயே உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வர மனசு வரவில்லை.

ஆனாலும் ஜெசி, எனக்கும் பயம் இருக்கிறது. இவ்வளவு பட்ட மனுஷனை இன்னும் வேகவைக்க வேண்டுமா என்று நினைப்பேன். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தும் தேறாதவர்களைப் பார்த்தேன். உன் அப்பா சொல்கிற மாதிரி ஆண்டவரே குணமாக்கியிருந்தால், நான் இடையில் புகுந்து கெடுத்துவிடப் போகிறேனோ என்றும் இருந்தது. அவர் இஷ்டப்படியே விட்டுவிடலாம் என்றுகூட இந்தத் திங்கட்கிழமை முடிவு பண்ணியிருந்தேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துப் பழனியைக் கடைத்தெருவில் பார்த்தேன். குழி வெட்டுவானே, அவன்தான். அண்ணன் டெய்லி காலைல வராரு அண்ணி, உனுக்குத் தெரியுமா என்று கேட்டான். கோயிலுக்குப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுத்தான் போவார், நானும் கோயில் என்றுதான் நினைத்திருந்தேன். வின்சென்ட் கல்லறைக்குப் பக்கத்தில் முள்ளு மண்டிக்கிடந்த இடத்தைத் தன் கையாலேயே சுத்தம் பண்ணியிருக்கிறார். மூக்குக் குழாய் மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு. அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று பழனியிடம் எழுதிக் காட்டியிருக்கிறார். எப்போதுக்கு அண்ணா என்று இவன் கேட்டதற்கு, சீக்கிரம் என்று எழுதினாராம்.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

குணமாகிவிட்டது என்று நம்புகிற மனுஷன் அந்த இடத்தைச் சுத்தம் பண்ணுவாரா சொல். உன் கடிதத்தை அவர் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதைக் காட்டினால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். விசுவாசத்துக்கு எதிராக யார் பேசுவார்கள்? அவருக்குப் பிள்ளையிடம் போக வேண்டும். அதற்கு உன் காணிக்கையைச் சாக்காக வைத்துக்கொண்டார். கேட்டால் இல்லை என்பார். அதனால் நான் கேட்கவில்லை. பழனி சொன்னதையும் சொல்லவில்லை.

எனக்கும் அவன் பிள்ளைதான் ஜெசி. அவன் சட்டை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. எனக்கும் போக வேண்டும் போல இருக்கும், இருக்காதா?

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அப்பா பாதியில் விட்ட சேலையை, அவரிடம் தறி பழகின கோபிநாத் வந்து நெய்துகொண்டிருக்கிறான். முதலாளி வீட்டில் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்த சேலை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திடீரென்று எழுந்து வந்து தறிப் பலகையைத் தட்டினார். நூலை இறுக்குகிற தறி அடி ஒரே மாதிரி விழவில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. சிலேட்டை எடுத்து, இது பட்டுச் சேலையா சாக்குப்பையா என்று எழுதிக் காட்டினார். கோபிநாத் முகம் சுண்டிப்போய், இன்னா மாமா, எழுந்ததும் ஆரம்பிச்சுட்டியா, அப்போ நீயே வந்து குழியில உக்காரு என்றான். இவர் நிஜமாகவே குழிக்குள் காலைத் தொங்கவிட்டுவிட்டார். ரெண்டு பேருமாகப் பிடித்து இழுத்தோம். சாகத் துணிந்தவருக்கு அடுத்தவன் போடுகிற அடி மேல் கோபம் வருமா? எனக்கு அந்தக் கோபம் போதும். அதை வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ காணிக்கை கொடுத்ததைத் திரும்பி வாங்கு என்று கேட்கவில்லை. மடத்தை விட்டு வா என்றும் கேட்கவில்லை. நீ போகும்போது அழமாட்டேன் என்று சொன்னேன், அழவில்லை. இப்போதும் எனக்காக எதுவும் அவரிடம் சொல்லாதே. அம்மா தனியாகிவிடுவாள் என்று சொன்னால் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வருகிற டிசம்பரில் நீ துறவுக்கு வாக்குக் கொடுக்கிற முதல் வார்த்தைப்பாடு இல்லையா? அன்றைக்குத் தாய் தகப்பன் ரெண்டு பேரும் கூட்டிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் விட்டு, நெற்றியில் சிலுவை போடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைச் சொல். உங்கள் கை பட்டால்தான் நான் போய் நிற்பேன் அப்பா, அதற்காகக் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் என் காணிக்கைதான் என்று சொல். சாமியார் சொல்லிக் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார். எதை வைத்து மறுக்கிறாரோ அது உன் கையில்தான் இருக்கிறது. கேட்காமலும் போகலாம். ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதே.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னோடு பேசப் பார்ப்பார். உன்னிடம் சிலேட்டைக் காட்ட முடியாதே. அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ அழுதுவிடுவாய், அழுதால் பரவாயில்லை. இங்கே எல்லாரும் அவர் பேசுவது புரியாவிட்டாலும் பாவம் என்று நினைத்துச் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். நீயும் அப்படிச் செய்துவிடாதே கண்ணு. புரியவில்லை என்றால், இன்னொரு தரம் சொல்லுங்கப்பா என்று கேள். அவருக்கு எரிச்சல் வரும், போனை என் மேல் வீசுவார், நான் எடுத்து மறுபடியும் அவர் காதில் வைப்பேன். நீ மறுபடியும் கேள். உங்கள் மதர் நேரம் முடிந்தது என்றால், கெஞ்சியாவது இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள். அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் மட்டும், சரிப்பா என்று சொல்லிவிடாதே.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. ஆண்டவர் உன் நாவில் இருப்பாராக. என் செல்வத்துக்கு ஆயிரம் முத்தம்.

உன் அம்மா
ரோசம்மாள்