பனி என்று ஒரு படம்

காலையில் ஓசூர் பக்கத்து ஜூஜுவாடியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள். ஜன்னல் வழியே ஊறிய காகிதத்தின் வாடை. நீ வேலை பார்த்த மில். நீ இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

கல்லூரி முடித்து இருவரும் ஓசூரில் ஒரே அறையில் இருந்தோம். உனக்கு அந்த அட்டைப்பெட்டி மில்லின் எடைமேடையில் வேலை. அமெரிக்காவிலிருந்து பழைய காகிதம் கட்டுக்கட்டாக வரும், கூழாகும். ஒருநாள் ஒரு கட்டு அவிழ்ந்து, நூறு வயதுப் பத்திரிகைகள் சரிந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு, படமுள்ள தாள்களை மட்டும் எடுத்துவந்தாய். கதைகள் கூழுக்குப் போயின.

தரையில் பரப்பினோம். நீள கவுன் அணிந்த பெண்கள். ஒரு சிவப்புப் படகு. பனியில் ஒற்றைக் குதிரை. வெள்ளை பூசாமல், தாளை அப்படியே விட்டுப் பனியாக்கியிருந்தான் எவனோ. ஒவ்வொரு படத்தின் அடியிலும், தொலைந்த கதையிலிருந்து ஒரே ஒரு வரி. ‘அவள் விளக்கை அணைக்கவில்லை.’

"ஏன்டி அணைக்கல?" என்றேன்.

"அவளுக்கும் நைட் ஷிப்டோ என்னமோ."

தூங்கினால் என் கனவில் அந்தக் குதிரை சூளகிரி மலையோரம் நடக்கும். காலையில் சொன்னால், "எனக்கும் வந்துச்சு. உன் பக்கமாத்தான் போச்சு" என்பாய்.

நீயும் வரைந்தாய். ஒரு படமாவது அச்சில் வர வேண்டும் என்பாய். ரத்தத்தில் நோய் என்று பெங்களூரில் சொன்ன பிறகு, அதை அடிக்கடி சொன்னாய். அப்போதுதான் ஒரு சிற்றிதழ் என் முதல் கதையை எடுத்துக்கொண்டது. படம் நீ வரைவதாகப் பேசிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன்.

"கதையைச் சொல்லாத. தலைப்ப மட்டும் சொல்லு."

"பனி."

"சரி, வை."

வந்த படத்தில் பனி இல்லை. கம்பெனி கேட். ஷிப்ட் விட்ட நேரம். டிபன் பையோடு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருத்தி நின்றபடியே தூங்குகிறாள். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. உங்கள் வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் பனி என்றால் வேலை.

என் கதையில் ஊட்டி இருந்தது. பிரிந்துபோன காதலர்கள் இருந்தார்கள். சம்பந்தமே இல்லையே, வேறு படம் கிடைக்குமா என்றார் ஆசிரியர். உன் விரல்கள் வீங்கியிருந்தன. வேறு கதை தருகிறேன் என்றேன். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தூங்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கதை எழுதினேன்.

இதழ் வந்தது. கட்டிலில் சாய்ந்து, அச்சில் உன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாய். பிறகு கதையைப் படித்தாய்.

"நான் சொன்ன பனி எதுன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சியா?" என்றேன்.

"நீ வேலைன்னுதானே சொன்ன?"

முகத்தில் மாஸ்க். சிரித்தாயா, தெரியவில்லை.

"கதை பரவால்லடி. படத்தைக் கெடுக்கல."

அடுத்த இதழ் வந்தபோது நீ இல்லை.

இப்போதும் ஒரு பக்கம் எழுதி முடித்ததும், எந்த வரி படத்தைக் கெடுக்கிறது என்று தேடுகிறேன். கண்டதும் அடித்துவிடுகிறேன். பெரும்பாலும் அது எனக்கு மிகப் பிடித்த வரி.